பதின்மூன்று படிகளுக்கு அளவெடுத்தது

கம்பளம் விரிக்கிறவன் நான்.
எந்த வீட்டுக்குப் போனாலும்
மண்டியிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.
என் முழங்கால்களுக்கு டனீடன் நகரத்தின்
எல்லாத் தெருக்களும் தெரியும்.

அது மேட்டுத் தெரு. ஜூலைக் குளிர்
ஜன்னலின் உட்பக்கம்வரை வந்து
வியர்த்துக்கொண்டிருந்தது.
டூகல் ரெனி, ரொட்டி சுடுகிறவர்.
ஊனா, பேருந்துப் பணிமனையில் கணக்கு எழுதுகிறவள்.
படிகள் பதின்மூன்று.
அகலம் எண்பத்தாறு சென்டிமீட்டர்.
கடைசிக்கு முந்தையது மட்டும் எண்பத்தைந்தரை;
கட்டிய தச்சனுக்கு அன்று
வீட்டில் என்ன அவசரமோ.

பழைய கம்பளத்தின் மூலையை
இடுக்கியால் கவ்வி இழுத்தேன்.
சாம்பல் தூசி, ஒரு ஊக்கு,
யாரோ தொலைத்துவிட்டுத் தேடாமல் விட்ட
நீலச் சட்டைப் பொத்தான்.
அதற்கும் அடியில் ரீமு மரம்,
தேன் ஊறிய நிறத்தில்.
"பார்த்தீர்களா?" என்றாள் ஊனா,
வழக்கில் சாட்சி கிடைத்தவள் போல.

"கம்பளம்தான்," என்றார் டூகல்.

நான் மாதிரிப் புத்தகத்தைத் திறந்தேன்.
ஆட்டு ரோமம், நூற்றுக்கு நூறு.
'ஈர மணல்' என்று ஒரு நிறம்.
'பனிக்குப் பிந்தைய மலை' என்று ஒன்று.
இரண்டும் ஒரே பழுப்புதான்,
பெயர் வைத்தவனுக்குச் சம்பளம் தனி.

மரத்தில் காலுறையோடு இறங்கி
பக்கத்து வீட்டுப் பையன்
முன்பல்லை உடைத்துக்கொண்டான் என்றார் அவர்.
கம்பளம் எதையும் மறக்காது,
இரண்டாம் படியில் போன வருஷத்துக் காப்பி
இன்னும் இருக்கிறது என்றாள் அவள்.
குளிர் என்றார். ஒட்டடைக் குப்பை என்றாள்.
ஆளுக்கொரு நியாயம்.
ஊசிமுனை அளவும் யாரும் இறங்கவில்லை.
நான் மட்டும் படிப்படியாக
இறங்கிக்கொண்டிருந்தேன், அளவுநாடாவோடு.

பிறகு டூகல் என்னிடம் சொன்னார்,
அவளிடம் சொல்வதற்குப் பதிலாக:
"இரண்டே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
திருடன் மாதிரி, சுவரோரமாக.
இந்த மரம் நாய் மாதிரிக் குரைக்கிறது.
கம்பளம் தேய்ந்துபோய் இனி அடக்கவும் முடியாது.
மெத்தென்று ஒன்று போட்டுவிட்டால்
அவளாவது தூங்குவாள்."

ஊனா கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைப்பிடியை.

"மேலிருந்து எட்டு. அப்புறம் பத்து," என்றாள்.
"ஒன்பதாவது கிறீச்சிடும் என்று தாண்டிவிடுவாய்.
அந்தத் தாண்டலுக்குத்தான் காத்துக்கொண்டிருப்பேன்.
அது கேட்ட பிறகு கதவு.
கதவு கேட்ட பிறகு தூங்கிவிடுவேன்.
ஒன்றுமே கேட்காவிட்டால்
நீ போனாயா, விழுந்தாயா,
இன்னும் படுத்திருக்கிறாயா என்று
விடியவிடிய யார் முழித்துக்கொண்டிருப்பது?"

"இருபத்திரண்டு வருஷமா?"
கோபம் போலத்தான் இருந்தது அவர் குரல்.
"இருபத்திரண்டு வருஷமா
முழித்துக்கொண்டா கிடந்தாய்?"

"நடுவில் ஒரு நிமிஷம். அவ்வளவுதான்."

என் கையிலிருந்து நழுவி
அளவுநாடா சடாரென்று உள்ளே ஓடியது.
எனக்குத் தெரியும்:
ஒன்பதாம் படியின் கிறீச்சுக்கு
அடியிலிருந்து இரண்டு திருகாணி போதும்.
பத்து நிமிஷ வேலை.
நாக்கு நுனிவரை வந்ததை
அங்கேயே வைத்துக்கொண்டேன்.
டூகல் நான்காம் படியில் உட்கார்ந்து
கம்பளம் விலகிய மரத்தை
மாவு பிசைகிற கட்டைவிரலால் தேய்த்தார்.
எனக்குக் கையோடு ஒரு ரொட்டி கிடைத்தது.
முடிவு கிடைக்கவில்லை.

அந்த வாரம் அழைப்பு வரவில்லை.
அடுத்த வாரமும் இல்லை.
நான் துரத்தவும் இல்லை.
குறிப்பேட்டில் அவர்கள் பக்கம்
எண்பத்தாறும் எண்பத்தைந்தரையுமாக
விலை போடாமல் கிடக்கிறது.

செப்டம்பரில் ஒரு நாள்
இன்வர்கார்கில் பள்ளிக்கூட வேலைக்கு
ஆறு மணிக்குள் சேர வேண்டியிருந்தது.
இருட்டில் வண்டி அந்த மேட்டைக் கடந்தபோது
மாடிப்படி ஜன்னலில் வெளிச்சம்.
வேகத்தைக் குறைத்தேன், என்னையறியாமல் எண்ணினேன்.
மரமா கம்பளமா,
கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொல்ல முடியாது.
நிழல் ஒன்று இறங்கியது;
எட்டில் சற்று நின்று,
கையில் செருப்போடு
ஒன்றைத் தாண்டியது.